எம்.பி. டயறியில் இடம் பிடிப்பது எப்படி? நோர்வூட் தங்கச்சிக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா, நான் ஹட்டனில் ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பதவிக்குப் பெயர் பரிந்துரை அலுவலர். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், இருக்கிற குடும்பங்களுக்குத் தனித்தனி முகவரி வேண்டும், கடிதம் தோட்டத்து ஒபிசைச் சுற்றாமல் நேராக வீட்டுக்கு வர வேண்டும் என்று பாராளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசுவதுதான் வேலை. ஆனால் நான் நாள் முழுக்க போனில் கோல் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்பது சந்திப்புக்கு நாள் குறித்ததில் நடந்தது இரண்டு, அதில் ஒன்று பத்தே நிமிடம். போன மாதம் பொகவந்தலாவையிலிருந்து கொழுந்து பறிக்கிற ஆறு அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பத்தரமுல்ல வரை போனோம். எம்.பி. சேர் அவசரமாக வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். ஆறு பேருக்கும் இரண்டு நாள் பேர் (நாள் சம்பளம்) போனதுதான் மிச்சம். அவருடைய செயலாளருக்கு எடுத்தால் சிங்களத்தில் "ஹெட்ட கதா கரண்ண" (நாளைக்குப் பேசுங்கள்) என்கிறார், மறுநாள் எடுத்தாலும் அதேதான். இந்த வேலை எனக்குச் சரிவராதா?

பதில்:

தங்கச்சி, ஒன்பதில் இரண்டு என்பது மோசமில்லை. இந்த வேலையில் எனக்குப் பதினெட்டு வருடம். முதல் வருடத்தில் என் கணக்கு அதைவிடக் கேவலமாக இருந்தது, அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் தப்பித்தேன். நீங்கள் எழுதியதில் என்னைக் குத்தினது அந்த ஆறு அம்மாமாரின் கதைதான், ஏனென்றால் அதே தப்பை நான் பதினான்கு பேரை வைத்துச் செய்தவள்.

மஸ்கெலியாவிலிருந்து இரவு இரண்டு மணிக்கு வேன் பிடித்துப் போனோம். கித்துல்கல வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி. விடிந்து பத்தரமுல்லயில் இறங்கி, முகம் கழுவ இடம் தேடி, கட்டி வந்த ரொட்டியை வேனுக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கோல் எடுத்தால், இன்றைக்கு இல்லை, அடுத்த கிழமை பார்ப்போம் என்று பதில். கூட வந்த ஒரு பாட்டி கோபப்படவே இல்லை, "அப்ப சேருக்கு நாங்க வர்றது தெரியாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். தெரியாதுதான். நான் செயலாளரிடம் சொன்னேன், செயலாளர் தலையாட்டினார், டயறியில் யாரும் எழுதவில்லை. நாள் சம்பளம் ஆயிரம் ரூபா என்று ஆக எத்தனை வருடம் கத்தினோம், 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அந்தச் சனத்தின் இரண்டு நாள் சம்பளத்தை ஒரு தலையாட்டலை நம்பிக் கரைத்துவிட்டு வருவது லேசான தப்பு இல்லை. அன்றிலிருந்து முதல் சந்திப்புக்கு நான் தொழிலாளர்களைக் கூட்டிப் போவதில்லை. நானும் கூட ஒருவரும் போவோம், அந்த அம்மாமார் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோவேன், முடிந்தால் ஒருவரின் குரலை போனில் பதிந்து கொண்டுபோவேன். அவர்கள் நேரில் வர வேண்டிய இடங்கள் இருக்கின்றன: குழு ஒன்று எழுத்தில் அழைத்தால் கட்டாயம் வர வேண்டும், உறுப்பினர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் தாராளமாக வரலாம். அப்படி வருகிற நாளுக்கு அவர்களின் பேருக்கான பணத்தை உங்கள் அமைப்பு கொடுக்க வேண்டும். திட்டத்துக்குக் காசு கொடுக்கிறவர்கள் பயணச் செலவுக்கு ஒத்துக்கொள்வார்கள், போன பேருக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சண்டை பிடித்து வாங்குங்கள்.

சரி, இனி நாள் குறிக்கிற விஷயம். உங்கள் ஒன்பது திகதிகளையும் எடுத்து ஒரு கலண்டரில் வைத்துப் பாருங்கள். பாராளுமன்றம் பொதுவாக மாதத்தில் இரண்டு கிழமைதான் கூடும், செவ்வாயிலிருந்து வெள்ளி வரை, காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பெரும்பாலும் மாலை ஐந்தரை வரை. அந்த நாட்களில் குழுக் கூட்டங்களும் அதே கட்டிடத்தில்தான். அதாவது அமர்வுக் கிழமையில் உறுப்பினர் கோட்டேயில் இருப்பது நிச்சயம், ஆனால் அவருடைய நேரம் அவர் கையில் இல்லை. அமர்வில்லாத கிழமையில் நேரம் ஓரளவு அவர் கையில் இருக்கும், ஆனால் ஆள் எங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது. மரண வீடு, கோயில் திருவிழா, பாலம் திறப்பு என்று ஓடிக்கொண்டிருப்பார். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு, அமர்வு நாளில் காலை பத்து மணிக்கு ஒரு மணித்தியாலம் கேட்பது. அவர்களும் முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாமல் ஆம் என்று சொல்லிவிடுவார்கள். கிடைக்காது. நீங்கள் பத்தரமுல்ல போய்த் திரும்பினது ஒரு புதன்கிழமையாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

அவருக்குப் புதிதாக ஒரு மணித்தியாலத்தை உண்டாக்கச் சொல்லாதீர்கள். அவர் எப்படியும் போக வேண்டிய, எப்படியும் காத்திருக்க வேண்டிய இடம் எது என்று பார்த்து, அங்கே போய் நில்லுங்கள். தூர மாவட்ட உறுப்பினர்களுக்கு மாதிவெலயில் வீடுகள் இருக்கின்றன, அமர்வுக் கிழமையில் பலர் இரவில் அங்கேதான். மாலை ஏழு மணிக்குப் பிறகு இருபது நிமிடம் கேட்டால் தருகிறவர்கள் உண்டு, எனக்கு உருப்படியாகக் கிடைத்த சந்திப்புகளில் பாதி அங்கே நடந்தவை. (பெண் பிள்ளையாகத் தனியாகப் போகாதீர்கள். யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூட ஒருவர் வரட்டும், திரும்பி வர வாகனத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.) பகல் சாப்பாட்டு இடைவேளையும் உதவும், ஆனால் அது பாராளுமன்றக் கட்டிடத்துக்குள், உள்ளே போக உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் முன்பே உறுப்பினரின் பக்கத்திலிருந்து போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே போய்விட்டாலும் நிம்மதி இல்லை. சபையில் சபாநாயகரோடு சேர்த்து இருபது பேர் இல்லையென்று யாராவது எழுந்து சொன்னால் கோரம் மணி அடிக்கும், நீங்கள் இரண்டாவது வசனத்தில் இருக்கும்போது உறுப்பினர் எழுந்து ஓடுவார். அதனால் கேட்க வந்ததை முதல் வசனத்திலேயே கேட்டுவிடுங்கள். வணக்கம், எங்கள் அமைப்பு இந்த வருடம் ஆரம்பிக்கப்பட்டது, எங்கள் நோக்கம் என்று நீட்டினால் அந்த மணி நிச்சயம் அடிக்கும், எனக்கு அனுபவம்.

இதையெல்லாம் விட நல்ல இடம் ஒன்று நுவரெலியாக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்திலேயே) இருக்கிறது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் வந்தாக வேண்டிய நிலை, ஏனென்றால் வராவிட்டால் ஊர்ப் பேப்பரில் பெயர் வரும். மாவட்டத்தின் எட்டு உறுப்பினர்களில் நான்கைந்து பேரை ஒரே காலையில், ஒரே வராந்தாவில், தேத்தண்ணி இடைவேளையில் பார்த்துவிடலாம். பிரதேச மட்டத்திலும் இதே மாதிரிக் கூட்டம் உண்டு. எப்போது கூட்டம் என்று கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் இருக்கிற தமிழ் உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டால் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லிவிடுவார். அவர் உங்களுக்கு எந்த உறுப்பினரைவிடவும் பெரிய சொத்து.

செயலாளர் விஷயத்துக்கு வருவோம். "ஹெட்ட கதா கரண்ண" என்றால் நாளைக்கு எடுங்கள் என்று அர்த்தம் இல்லை. இப்போது உனக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனால் இல்லை என்று சொல்லவும் எனக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். அந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கோல் வரும் என்று நினைத்துப் பாருங்கள், அதில் முக்கால்வாசி இடமாற்றமும் பாடசாலை அனுமதியும். அவரிடம் நேரம் கேட்காமல், அவர் ஆம் அல்லது இல்லை என்று உடனே சொல்லக்கூடிய ஒரு கேள்வியை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: "வியாழன் இரவு 7.30, மாதிவெல, பதினைந்து நிமிடம், லயத்து முகவரி விஷயமாகச் சபையில் கேட்க ஒரு கேள்வி தயாராக இருக்கிறது, முடியுமா?" சிங்களத்தில் எழுதுங்கள், அல்லது இரண்டு மொழியிலும். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள நமக்கு உரிமை இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கடிதம் தமிழில் போகட்டும். ஆனால் இரவு எட்டு மணிக்கு ஒருவர் போனில் படித்துவிட்டு உடனே பதில் போட வேண்டிய நாலு வரியில் உரிமைப் போராட்டம் நடத்தினால் நமக்குத்தான் நட்டம். அப்புறம், முதல் நாள் மாலை ஒருமுறை, புறப்பட முன் ஒருமுறை உறுதி செய்யுங்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் நாலு நாலரை மணித்தியாலம், அதிகாலை மூன்று மணிக்கு ஏறினால் நடுவழியில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். எனவே முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் உறுதி வராவிட்டால் நான் புறப்படுவதில்லை. ஒருமுறை அப்படிப் போகாமல் இருந்து, மறுநாள் அவர் எனக்காகக் காத்திருந்தார் என்று கேள்விப்பட்டு வெட்கப்பட்டேன். இருந்தாலும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். முகவரி, கடிதம் என்றால் அது தபால் திணைக்களத்தின் வேலை. 2024 தேர்தலுக்குப் பிறகு வந்த அமைச்சரவையில் தபால் திணைக்களம் பெருந்தோட்ட அமைச்சின் கீழ் இல்லை, சுகாதார, வெகுசன ஊடக அமைச்சின் கீழ் வருகிறது. நமக்கோ தோட்டம் என்ற சொல் வந்தாலே கால் தானாகப் பெருந்தோட்ட அமைச்சுப் பக்கம் போய்விடுகிறது, மலையகத் தமிழ் உறுப்பினர்களின் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அவர்களைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் தபாலுக்குப் பொறுப்பான அமைச்சின் ஆலோசனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அதற்குரிய துறைசார் மேற்பார்வைக் குழுவின் தலைவர் யார் என்று பாராளுமன்ற இணையத்தளத்தில் ஒரு பின்னேரம் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பட்டியலில் கேகாலை, இரத்தினபுரி உறுப்பினர் யாராவது இருந்தால் அவரை முதலில் பிடியுங்கள். அந்த மாவட்டங்களிலும் லயம் இருக்கிறது, அங்கேயும் கடிதம் ஒபிசில் கிடக்கிறது, அவரைத் தேடி நம் ஆட்கள் போனதே இல்லை. யாரும் தேடி வராத ஆளிடம் நேரம் இருக்கும்.

இன்னொன்று. உறுப்பினருக்குச் சந்திப்பு என்பது சுமை, செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையாகக் கொடுத்தால் அது அவருக்குச் சாதனை. வாய்மூல விடைக்கான கேள்வி ஒன்றை நீங்களே வரைந்து கொடுங்கள். தோட்டங்களில் எத்தனைக்கு வீட்டுக்கு வீடு தபால் விநியோகம் இருக்கிறது, இல்லாதவற்றுக்கு எப்போது வரும் என்று கேட்டால், பதில் பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் ஏறும், அதை வைத்து நீங்கள் அடுத்த படிக்குப் போகலாம். மனுவாகக் கொண்டுபோக விரும்பினால் பொது மனுக்கள் பற்றிய குழு இருக்கிறது, ஆனால் மனுவை உறுப்பினர் ஒருவர்தான் சபையில் சமர்ப்பிக்க வேண்டும். கையொப்பத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், அதற்கு ஐந்து நிமிடம் கேளுங்கள், ஒரு மணித்தியாலம் கேட்காதீர்கள். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு மனுதாரருக்கு விசாரணைக்கு வரச் சொல்லி அனுப்பிய கடிதம் தோட்ட ஒபிசில் பதினொரு நாள் கிடந்து, விசாரணை முடிந்த மறுநாள் கைக்கு வந்தது. உங்கள் பிரச்சினைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, ஆனால் உங்கள் மனுவில் தொடர்பு முகவரியாக ஹட்டன் அலுவலகத்தைப் போடுங்கள், லயத்தைப் போட்டு அதே கதைக்கு நீங்களும் ஆளாகாதீர்கள்.

நாள் கிடைக்கும்வரை சும்மா இருக்காமல் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எத்தனை தோட்டங்களுக்கு வீட்டுக்கு வீடு தபால் போகிறது என்று கேட்டுத் தபால் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். "உங்கள் மாவட்டத்துக்கான கணக்கு திணைக்களத்திலிருந்தே கையில் இருக்கிறது" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுப் பாருங்கள், அதே செயலாளர் அவராகவே கோல் எடுப்பார். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கலண்டரும் இருக்கிறதே. தோட்டத்துச் சனத்தை உறுப்பினர் ஊரில் சந்திப்பதாக இருந்தால் ஞாயிறு பின்னேரம்தான் பொருந்தும். பத்தாம் திகதியை ஒட்டிய சம்பள நாட்களில் வைக்காதீர்கள், எல்லோரும் டவுணில் அடகு மீட்டுக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டுகிற நாளில் யாரையும் மலையிலிருந்து இறக்க முடியாது, கங்காணியும் விட மாட்டார், அவர்களுக்கும் மேலதிகக் கிலோவை விட மனம் வராது. சித்திரை வருடப் பிறப்புக்கு நாடே மூடிவிடும், அதே நேரம் நுவரெலியாவில் சீசன் என்று ரோட்டில் வாகனம் நகராது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் அலுவலகம் இல்லை. இதையெல்லாம் கழித்தால் மாதத்தில் உருப்படியாக ஆறேழு நாள் மிஞ்சும். அது போதும் தங்கச்சி, உறுப்பினருக்கும் அவ்வளவுதான் இருக்கிறது.

வரவு செலவுத் திட்ட காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமாக நவம்பர் வந்தால் டிசம்பர் நடுப்பகுதி வரை அந்த விவாதம்தான், குழுநிலையில் சனிக்கிழமைகூடக் கூடுவார்கள், வேறு எதற்கும் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 14இல் தேர்தல் நடந்ததால் 2025க்கான வரவு செலவுத் திட்டம் பெப்ரவரி 17ஆம் திகதி வந்தது, அதே வருடம் நவம்பர் 7ஆம் திகதி 2026க்கானதும் வந்துவிட்டது, ஒரே வருடத்தில் இரண்டு தடவை எங்கள் டயறி வெறுமையானது. போதாக்குறைக்கு நவம்பர் கடைசியில் டித்வா புயல். மண் சரிந்து, மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்து, டிசம்பருக்கு நான் வாங்கி வைத்திருந்த மூன்று சந்திப்புகளையும் நானே கோல் எடுத்து வேண்டாம் என்று சொன்னேன், லயமே போன சனத்திடம் அடையாள அட்டை இலக்கம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் அந்தக் கோலை நானாக எடுத்தது நல்லதாகப் போயிற்று. மற்றவர்கள் எல்லாம் அவர்களை நச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில், "இப்போது வர மாட்டோம், நீங்கள் நிவாரணத்தைப் பாருங்கள்" என்று சொன்ன ஒரே ஆள் நான் என்று ஒரு செயலாளர் பிறகு சொன்னார்.

அதே 2024 தேர்தலில் சபைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் புதியவர்கள். பதினேழு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த என் போன் புத்தகம் ஒரே இரவில் பழைய பேப்பர் ஆகிவிட்டது. நான் அன்றைக்கு அழாத குறை. ஆனால் அதன் மறுபக்கம், புதிய உறுப்பினர்களின் செயலாளர்களும் புதியவர்கள், அவர்களுக்கும் உங்களை மாதிரியே ஒன்றும் தெரியாது. எட்டு மாதமாக அலைகிற நீங்களும் பதினெட்டு வருடமான நானும் இந்த ஒரு விஷயத்தில் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். அவர்களின் பெயரையும் சொந்த ஊரையும் கேட்டு வையுங்கள், வேலை முடிந்ததும் ஒரு நன்றி அனுப்புங்கள், நன்றி சொல்ல மறக்கிறதில் நம் அமைப்புகளை மிஞ்ச ஆளில்லை.

நன்றி என்றால் சொல்லோடு நிற்கட்டும். மலையகத்திலிருந்து போகிறோம் என்று ஒரு பக்கற் தேயிலை கொண்டுபோகிற பழக்கம் நமக்கு இருக்கிறது, நானும் கொண்டுபோனவள்தான். 2023இல் புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு நிறுத்திவிட்டேன். முந்நூறு ரூபாத் தேயிலைக்கு யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்று சிரிப்பார்கள், ஆனால் நாளைக்கு உங்கள் விஷயம் வெற்றி பெற்றால் எதிர்க்கிறவர்கள் தேடுவது அந்தத் தேயிலைப் பக்கற்றைத்தான். நம் நாட்டில் இப்படி உறுப்பினர்களைப் பார்த்துப் பேசி லொபி செய்கிறவர்களுக்கு என்று தனிச் சட்டமோ பதிவோ இல்லாததால், எந்தச் சந்திப்பில் யார் இருந்தார்கள், என்ன பேசினோம் என்று நீங்களே ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வதும் நல்லது. பத்து நிமிடச் சந்திப்பு என்று சலித்துக்கொண்டீர்களே, அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்று எழுதினீர்களா? எழுதி, அன்றிரவே செயலாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அடுத்த சந்திப்புக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

வேலை சரிவருமா என்று கேட்டீர்கள். அந்த ஆறு அம்மாமாருக்கும் பேர் போனதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்கள் பாருங்கள், எனக்கு அது போதும். முதலில் பொகவந்தலாவைக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள், போன பேருக்கான காசையும் கையில் கொண்டுபோங்கள். அப்புறம் அடுத்த அமர்வுக் கிழமையின் நிகழ்ச்சி நிரலைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் பார்த்து, ஒரு வியாழன் இரவுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள். பஸ்ஸில் முன் சீற்றாகப் பார்த்து உட்காருங்கள், கித்துல்கல வளைவுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.